சேமியாவுக்குச் சிக்கெடுத்த காலை

முதலில் தண்ணீரை ஊற்றியிருக்கக் கூடாது. மூன்று சொம்பு ஊற்றி, ஷாம்பூவும் போட்டு, நாயின் முதுகில் விரலை விட்டுத் தேய்க்கப் பார்த்தால் விரல் உள்ளே போகவில்லை. காய்ந்திருந்தவரைக்கும் அது முடி மாதிரியாவது இருந்தது. அங்கங்கே முடிச்சு, அங்கங்கே கட்டி, பொறுமையாகப் பிரித்தால் வந்துவிடும் என்று ஒரு தோற்றமாவது இருந்தது. நனைந்ததும் எல்லாம் ஒன்று சேர்ந்து இறுகி, ஈரச்சாக்கைத் தொடுகிற மாதிரி ஆகிவிட்டது. சேமியா நிமிர்ந்து என்னைப் பார்க்கிறது. குற்றம் சாட்டுகிற பார்வை என்று என் மனைவி துளசி இருந்தால் சொல்லுவாள். எனக்கு அப்படித் தெரியவில்லை, கண்ணில் நுரை பட்டதால் பார்க்கிறது, அவ்வளவுதான். முப்பத்திரண்டு வருஷம் ஸ்பின்னிங் மில்லில் நூலின் தரம் பார்த்தவன் நான். இழை எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது, நூறு மீட்டருக்கு எத்தனை முடிச்சு என்று எண்ணி எண்ணியே கண்ணாடியின் பவர் ஏறினது. ஆனால் நான் பார்த்ததெல்லாம் பஞ்சு. பஞ்சு தண்ணீரில் ஊறும், பிழிந்தால் பழையபடி ஆகும். கம்பளி அப்படியில்லை, ஈரத்தில் கசக்கினால் இழையும் இழையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பூட்டிக்கொள்ளும் என்று படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதிக்கூட இருக்கிறேன். நாய் முடி பஞ்சை விடக் கம்பளிக்குத்தான் கிட்ட என்பது ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். யோசிக்கவில்லை. இன்றைக்கு வியாழன். ஞாயிறு காலையில் துளசி வந்து இறங்குகிறாள். நாலரை மாசம் கழித்து. வந்ததும் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் இதைத்தான் தூக்குவாள். தூக்கினால் வயிற்றடியில்தான் கை போகும். வயிற்றடிதான் இருக்கிறதிலேயே மோசம்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அவள் எழுதி ஒட்டிவிட்டுப் போன தாள் இன்னும் அப்படியே இருக்கிறது. காலையில் நாலு வாய் சோறு, தயிர் வேண்டாம். தினமும் சாயங்காலம் சீவோணும், முதுகு, வயிறு, காதுக்குப் பின்னால், கால் இடுக்கு. குளிக்க வைக்க நல்ல தண்ணீர்தான், போர் தண்ணீர் ஆகாது, முடி சிக்காகும். ‘சீவோணும்’ என்பதன் அடியில் இரண்டு கோடு. முதல் மாசம் சீவினேன். பொய் இல்லை, மணி பார்த்து ஐந்தரைக்குச் சீவினேன். டிசம்பரில் ஒரு நாள் மழையில் நனைந்து வந்தது, துவட்டிவிட்டுப் பேப்பர் படிக்க உட்கார்ந்தேன், மறுநாள் காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு. சுண்டைக்காய் அளவு. இழுத்தால் கத்தியது, நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன். மறுநாள் இரண்டு. பிறகு எண்ணவில்லை. எண்ணுவதே தொழிலாக இருந்தவன் ஏன் எண்ணவில்லை என்று கேட்டால், தெரியும், அதனால்தான் எண்ணவில்லை. தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு, அவளுக்கு அங்கே மெல்பர்னில் சாயங்காலம் ஆறரை, மது போனில் படத்தோடு கூப்பிட்டு அவளிடம் கொடுப்பாள். மது எங்கள் ஒரே பெண். அவளுக்குக் குழந்தை பிறக்கிறது என்றுதான் துளசி போனாள். “சீவுனீங்களா?” என்பாள் துளசி. “ம்” என்பேன். இந்த ‘ம்’ ஒரு வசதி. அது ஆமாம் என்றும் ஆகும், காதில் விழுந்தது என்றும் ஆகும், பிறகு யாரும் இது பொய் என்று எடுத்து வைக்க முடியாது. ஆனால் பொய்க்கும் கொஞ்சம் வேலை செய்யத்தான் வேண்டியிருந்தது. ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நாயைத் தூக்கி மடியில் வைத்து, மூஞ்சியையும் முன்நெஞ்சையும் மட்டும் சீவி, நெற்றி முடியை ஒரு ரப்பர் பேண்டில் கட்டி, போனுக்கு நேராகப் பிடிப்பேன். “அம்முணி, எஞ்சாமி, எப்படி இருக்கறே?” என்று அங்கிருந்து கொஞ்சுவாள். சேமியா அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மேஜைக்கு அடியில் பார்க்கும். முன்னால் பார்த்தால் வெண்பட்டு, பின்னால் போனால் மூட்டைச் சாக்கு. சேமியா என்ற பேரே அவள் வைத்ததுதான். மது பெங்களூரில் வேலை பார்த்தபோது வாங்கி, கல்யாணமாகிப் போகிறபோது இங்கே விட்டுவிட்டுப் போன லாசா ஆப்சோ ஜாதி நாய். அன்றைக்கு அதைப் பார்த்துத் துளசி, தட்டில் கொட்டின சேமியாவாட்ட இருக்குதே என்றாள். ஆறு வருஷம் ஆகிறது. ஆறு வருஷத்தில் நான் இதைத் தொட்டதெல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரம் வருமா என்று தெரியவில்லை.

சீப்பைப் போட்டுப் பார்க்கிறேன். பல் வளைகிறது. தேங்காயெண்ணெய் கொண்டுவந்து விட்டுப் பார்க்கிறேன். எண்ணெயும் ஷாம்பூவும் சேர்ந்து வழவழவென்று ஒரு களி ஆகி என் முழங்கை வரை வழிகிறது, சிக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. காதுக்குப் பின்னால் உள்ளதைக் கட்டைவிரலால் பிய்க்கப் போனபோது சேமியா கத்தவில்லை, திரும்பி என் விரலைப் பிடித்துவிட்டது. பல் இறங்கவில்லை. பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்தது, விட்டால் என்ன செய்வாய் என்பது போல. நான் அசையாமல் இருந்தேன். ஊசி போட்ட தேதி எப்போது என்று யோசித்தேன், ஆகஸ்டா செப்டம்பரா, துளசிக்குத்தான் தெரியும். இந்த வீட்டில் எது எப்போது என்பதெல்லாம் அவள் தலையில் இருக்கிறது, தலை இப்போது மெல்பர்னில் இருக்கிறது. சேமியா விரலை விட்டது. சிவந்த கோடு மட்டும். அதற்குப் பிறகுதான், கையைத் துடைத்துக்கொண்டு, அவிநாசி ரோட்டில் நாய்களுக்கு முடி வெட்டுகிற ஒரு கடைக்கு போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். “பேரு சொல்லுங்க சார்.” “சென்னியப்பன்.” “இல்லீங்க சார், பெட்டோட பேரு.” “சேமியா.” அவள் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டாள் போலிருக்கிறது. சிக்கு விழுந்துவிட்டது என்றேன். “நனைச்சுட்டீங்களா சார்?” “நனைச்சுட்டேன்.” “ஐயோ” என்றாள். அந்த ஐயோவில் வருத்தம் ஒன்றும் இல்லை, தினமும் பத்து பேருக்குச் சொல்லுகிற ஐயோ; ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. திங்கட்கிழமைக்கு முன்னால் நேரம் இல்லையாம். “நீங்களே எடுத்துடுங்க சார், மொத்தமா. பிரிக்கப் பாக்காதீங்க, அதுக்குத்தான் வலிக்கும். சீப்பை முதல்ல தோலை ஒட்டி அடியில விடுங்க, அப்புறம் சீப்புக்கு மேல வெட்டுங்க. சிக்கை இழுத்தா தோலும் கூடவே எந்திரிச்சு வரும், அதையும் முடின்னு நெனச்சு வெட்டிடப் போறீங்க.” சரி என்றேன். நன்றி என்று சொன்னேனா என்று நினைவில்லை. மொத்தமாக எடுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை துளசியிடம் என்ன சொல்வது? வெயில் காலம் வருகிறது, அதனால் எடுத்தேன் என்று சொல்லலாம். சொன்னால் நம்புவாள். நம்பினாளா இல்லையா என்று நான் பார்க்க மாட்டேன், அதனால் நம்பின மாதிரிதான்.

துளசி துணி வெட்டுகிற கத்திரியை எடுத்துவந்து, துவைக்கிற கல்மேல் சேமியாவை ஏற்றி நிறுத்தியிருக்கிறேன். சீப்பு அடியில், கத்திரி மேலே. முதல் வெட்டு முதுகில். கனத்த துணி கிழிகிற சத்தம் மாதிரி ஒன்று வந்து, ஒரு கைப்பிடி அகலத்துக்குத் தகடாகப் பெயர்ந்து வருகிறது. திருப்பிப் பார்த்தால் உள்பக்கம் சாம்பல் நிறம், அதில் ஒரு வேப்பிலைக் காம்பு, எப்போதோ தின்ற பிஸ்கட்டின் தூள். மில்லில் ஒரு தடவை இப்படித்தான். நூல் சுற்றிய கோன் ஏற்றுமதிக்குப் போக வேண்டியது, மேலே மூன்று அடுக்கு பார்த்தேன், நல்ல நூல், முடிச்சு தெரிவதற்காகக் கறுப்புப் பலகையில் சுற்றிப் பார்த்தேன், ஒரு குறை இல்லை, கையெழுத்துப் போட்டேன். வாங்கினவர்கள் பிரித்தபோது உள்ளே பாதிக்குமேல் முடிச்சு. மேலே மட்டும் நல்லதைச் சுற்றி யாரோ அனுப்பியிருந்தார்கள். மானேஜர் கேட்டார், “உள்ள பாக்கறதில்லையா சென்னியப்பன்?” காட்டினதைப் பார்த்தேன் சார் என்றேன். அது சரியான பதில் என்று அப்போது நினைத்தேன். பத்து வருஷத்துக்கு அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்டுகிறேன். முதுகு முடிந்தது, விலாவில் பாதி முடிந்தது, வெட்டின இடத்தில் தோல் ரோஜா நிறத்தில் தெரிகிறது, கை வைத்தால் சூடாக இருக்கிறது. இத்தனை சூடு இதற்குள் இருந்திருக்கிறது. வலது முன்னங்காலைத் தூக்கி அக்குள் பக்கம் சீப்பை விடும்போது முதல்முறையாக அது அழுதது, குரைக்காமல், குழந்தை மாதிரி மூக்கால். நிறுத்தினேன். நகம் வெட்டுகிற சின்னக் கத்திரியை எடுத்துவந்து, கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு இழையாக வெட்டினேன். கட்டி பெயர்ந்ததும் உள்ளே ஒரு காசு அகலத்துக்குப் புண். நீர் கோத்து, நாற்றத்தோடு. நடுவில் ஒரு புல் முள். அதனால்தானா? இரண்டு மூன்று வாரமாக இது காலைத் தாங்கித் தாங்கித்தான் வைத்தது. பார்த்தேன். பார்க்காமல் இல்லை. வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று எனக்கே ஒரு ‘ம்’ சொல்லிக்கொண்டேன். போனில் காட்டும்போதுகூட இறக்கி விடாமல் மடியிலேயே உட்கார வைத்துக் காட்டினேன், இறக்கி விட்டால் நொண்டுவது தெரிந்துவிடும் என்று. உட்கார வைத்தே. தெரியக் கூடாது என்றால் உட்கார வைத்துத்தான் காட்ட வேண்டும்.

துளசியும் உட்கார்ந்துதான் பேசுகிறாள். இது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, புண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், வெதுவெதுப்பான தண்ணீரில் உப்புப் போட்டு, பஞ்சை நனைத்து, ஓரத்திலிருந்து உள்ளுக்கு, அப்போது வந்தது. முதல் மூன்று மாசம் அவளை ஓர் இடத்தில் பார்க்க முடியாது. போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டேதான் பேசுவாள், இதா பாருங்க அடுப்பு, நெருப்பே இல்லாம எரியுது, இதா பின்னால எலுமிச்ச மரம், பறிக்க ஆளில்லாம கெடக்குது, என்று படம் குலுங்கும், எனக்குத் தலை சுற்றும், நின்னு பேசு துளசி என்று நானே சொல்லியிருக்கிறேன். பிறகு நின்றாள். நின்றாளா? உட்கார்ந்தாள். பின்னால் ஒரு ஜன்னல், அதில் பாதி திரை, பழுப்பு நாற்காலி. நேற்றும் அதே ஜன்னல். முந்தாநாளும். எலுமிச்சை என்னாச்சு என்று கேட்டதற்கு மழை பெய்யுதுங்க என்றாள். ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன். மடியில் பச்சைப் போர்வை. மது கையில்லாத சட்டை போட்டுக்கொண்டு குறுக்கே போகிறாள், அவ்வளவு வெக்கை, இவள் மடியில் போர்வை. அப்புறம் போன வாரம், மாப்பிள்ளை ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார், இவள் உட்கார்ந்தபடியே வாங்கிக்கொண்டாள். துளசி. மாப்பிள்ளையிடம். உட்கார்ந்தபடி. வாசலில் மாப்பிள்ளை வண்டி நிறுத்துகிற சத்தம் கேட்டாலே எழுந்து நிற்கிறவள். எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் நடந்தது, ஒவ்வொன்றும் பதிந்திருக்கிறது, தேதிகூடச் சொல்ல முடியும், சிவராத்திரிக்கு முன்னால் நடந்தாள், பின்னால் நடக்கவில்லை. நான் ஏன் கேட்கவில்லை? கேட்கிற வழக்கம் இல்லை. முன்பு கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகி அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டரிடம் எத்தனை தையல், எத்தனை நாள், என்ன மாத்திரை என்று எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டேன். இட்லி வாங்கிக்கொண்டு போனால் உள்ளே நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், திரும்பிப் படுத்தால் உள்ளே என்னவோ உருளுகிற மாதிரி இருக்குது என்று, பயமா இருக்குது என்று. உங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னீங்களாம்மா என்றாள் நர்ஸ். “அவரு கேக்க மாட்டாருங்க” என்றாள். குறை சொல்லுகிற குரல் இல்லை, என் சட்டை அளவைச் சொல்லுவது மாதிரி சொன்னாள். நான் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, செருப்புச் சத்தம் கேட்கும்படி உள்ளே போனேன். நவம்பரில் இங்கே ஏர்போர்ட்டிலும், பெட்டியை வண்டியில் ஏற்றி வைத்துவிட்டு நான் நின்றபோது, “நான் அங்கயே இருந்துட்டாலும் உங்களுக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியாது” என்றாள். ம் என்றேன். தள்ளுவண்டியின் சக்கரம் ஒன்று கீச்சிட்டது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது என்ன ஆகியிருக்கும்? காலா, இடுப்பா, பக்கவாதமா? வாய் கோணவில்லை, பேச்சு குழறவில்லை. காலை எடுத்துவிட்டார்களா? சர்க்கரை இருக்கிறது அவளுக்கு. எடுத்திருந்தால் சொல்லியிருப்பார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். பஞ்சு கையில் காய்ந்துபோயிருந்தது. சேமியா குளிரில் நடுங்கிக்கொண்டு, பாதி நாயாகவும் பாதிச் சாக்காகவும் கல்மேல் நிற்கிறது. மணி பத்தே கால்.

வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் சோப்புத்தூள் டப்பாவை வைத்து, போனைச் சாய்த்து நிறுத்தினேன். கை ஈரத்தில் மூன்று தடவை தொட்டும் போகவில்லை, நாலாவது தடவை போனது. அவளே எடுத்தாள். அதே ஜன்னல். “என்னுங்க, இந்நேரத்துக்கு? ஏதாச்சும் ஆயிப்போச்சா?” எழுந்து நில்லு என்று சொல்லத்தான் கூப்பிட்டேன், வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் எந்த வாயால் கேட்பது? போனை எடுத்துத் திருப்பி நாய்க்கு நேராகக் காட்டினேன். “என்னதுங்க அது?” “சேமியா.” “சேமியாவா?” முகத்தை போனுக்குக் கிட்டக் கொண்டுவந்தாள், திரையில் நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும். “ஏனுங்க, என்ன பண்ணி வெச்சிருக்கறீங்க?” “சிக்கு. வெட்டறேன்.” “தெனமும் சீவுனேன்னு சொன்னீங்களே!” “சீவல. டிசம்பர்ல இருந்து சீவல. உனக்குக் காட்டறதுக்கு மூஞ்சிய மட்டும் சீவுனேன். அக்குள்ல புண்ணு இருக்குது, நொண்டுச்சு, அதையும் சொல்லல.” இத்தனை வார்த்தை தொடர்ச்சியாக என் வாயிலிருந்து வந்து எத்தனை நாளாயிற்று. அவள் திட்டுவாள் என்று நின்றேன். “அட, என்ன மனுசனுங்க நீங்க” என்றாள், “வாயில்லாத சீவனுங்க அது” என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அது முடியட்டும் என்று இருந்தேன். பிறகு சொன்னேன், “துளசி, கொஞ்சம் எந்திரிச்சு நில்லு.” “எதுக்குங்க?” “சும்மா, நில்லேன்.” ஜன்னல் திரை காற்றில் உள்ளே வந்து போனது. “கோலு இல்லாம முடியாதுங்க” என்றாள். படம் குலுங்கி, போர்வை விலகி, ஒரு முக்காலியும் அதன்மேல் தலையணையும் அதன்மேல் அவள் காலும் தெரிந்தது. முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் நீலநிறக் கட்டு. விரல்கள் மட்டும் வெளியே, வீங்கி, பளபளவென்று. மெட்டியைக் கழற்றியிருந்தார்கள். முப்பத்தாறு வருஷம் மெட்டி இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம். கால் இருக்கிறது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. கால் இருக்கிறது. “எப்ப?” “சிவராத்திரி முடிஞ்சு நாலா நாளு. துணி காயப்போடப் போனேன். படி முடிஞ்சுதாக்கும்னு கால வெச்சேன், இன்னொரு படி இருந்துச்சு.” “ஏன் சொல்லல?” “நீங்க கேக்கல.” “நல்லாருக்கியான்னு கேட்டனே, தெனமும்.” “நல்லாருக்கறேன்னு சொன்னனே” என்றாள். இரண்டு பேரும் சேமியாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அவள் அங்கிருந்து, நான் இங்கிருந்து. அது குனிந்து வெட்டின தன் விலாவை நக்கிக்கொண்டிருந்தது. “ஞாயித்துக்கெழம வர முடியாதுங்க” என்றாள். “இன்னும் அஞ்சு வாரம் ஆகோணும்ங்கறாங்க. டிக்கெட்ல என்னமோ பிரச்சினைன்னு மது இன்னைக்குச் சொல்றதா இருந்துச்சு. நான்தான் அப்பிடிச் சொல்லுன்னு சொன்னேன்.” பிறகு, என்னைப் பார்க்காமல், போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டே, “மது இங்கயே இருந்துரும்மாங்கறா. அவளுக்கு வேலைக்குப் போகோணும், கொழந்தையப் பாக்க ஆளு வேணும். ரெண்டு வாரமாக் கேக்கறா. ஒரு பதிலும் சொல்லாம வெச்சிருக்கறேன்.”

ம் என்பது தொண்டைக்குள் வந்து நின்றது. எனக்கு நன்றாகத் தெரிந்தது, ஏப்பம் மாதிரி, கீழிருந்து ஏறி வந்து நிற்கிறது, உதட்டைத் திறந்தால் போதும். உதட்டை மூடிக்கொண்டு அது கீழே போகிறவரைக்கும் சேமியாவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அங்கேயே இருந்துவிட்டால் என்ன? சோறு நானே வடிக்கிறேன், குழம்பு பக்கத்து மெஸ்ஸில் வாங்குகிறேன், வேட்டி லாண்டரிக்குப் போகிறது, மாசம் பிறந்தால் பென்ஷன் வருகிறது, ஒன்றும் நின்றுபோகவில்லை. ஒன்றும் நின்றுபோகவில்லை என்றுதான் நாலரை மாசமும் எனக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன், இதோ நின்றுபோனது கல்மேல் நிற்கிறது. இதைச் சொல்லலாமா? சொல்ல வரவில்லை. வேறு ஒன்றுதான் வந்தது. “வலிக்குதா?” என்றேன். அவள் நிமிர்ந்தாள். கேட்டது நானா, பக்கத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கிற மாதிரி இருந்தது. “ராத்திரியிலதாங்க” என்றாள் மெதுவாக. “எந்தப் பக்கம்?” “கணுக்காலுக்கு உள்பக்கமா. பகல்ல தெரியறதில்ல. படுத்தாத்தான் விண்ணு விண்ணுங்குது.” “மாத்திர போடறியா?” “போட்டா வயிறு எரியுது.” “எரிஞ்சா என்ன பண்ணுவே?” என்ன கேள்வி இது என்று எனக்கே இருந்தது, ஆனால் அதற்கும் பதில் இருந்தது அவளிடம், ராத்திரி எழுந்து ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிடுவாளாம், மதுவை எழுப்ப மாட்டாளாம், கட்டுக்குள்ளே அரிக்குமாம், நீளமான கரண்டிக்காம்பு ஒன்றை விட்டுச் சொறிந்தாளாம், டாக்டர் திட்டினாராம், விழுந்த அன்றைக்குப் புல்லில் முக்கால் மணி நேரம் யாரும் வராமல் கிடந்தாளாம், மேலே ஒரு வெள்ளைக் கிளி கத்திக்கொண்டே போச்சாம், எத்தாப்பெரிய கிளி, அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேனுங்க என்றாள். நான் கேட்டேன், “அப்பறம்?” அவள் சொன்னாள். அப்புறம் என்று ஒரு சொல் இருப்பதும், அதைச் சொன்னால் எதிரே இருக்கிறவர் மேலே சொல்லிக்கொண்டு போவார் என்பதும் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயமாகத்தான் இருக்க வேண்டும். வெயில் கல்மேல் ஏறிவிட்டது. பேசிக்கொண்டே நடுவில் அவளே, “அது நடுங்குது பாருங்க, துண்டு போடுங்க, முதுகு மேல” என்றாள். போட்டேன். “சாயந்திரமே டாக்டர்கிட்டக் காட்டீருங்க, அந்தப் புண்ண.” சரி என்றேன். “பின்னங்காலு ரெண்டும் அப்பிடியே இருக்குதே. வெட்டுங்க. நான் பாத்துட்டு இருக்கறேன்.” கத்திரியை எடுத்தேன். அப்போது அவள், “ஐயோ, அடுப்புல பாலு” என்றாள்.

போன் எங்கோ வைக்கப்பட்டு, திரையில் அந்த வீட்டின் வெள்ளை உட்கூரை மட்டும். நாற்காலி நகருகிற சத்தம். அவள் எழுந்திருக்கிறாள், ஒரு முனகல், பிறகு ஊன்றுகோல் தரையில் படுகிற டொக், ஒரு காலை இழுத்து வைக்கிற உரசல். டொக், உரசல். டொக், உரசல். உட்கூரையில் ஒரு மூலையில் நீர் கசிந்த கறை, அதையே பார்த்துக்கொண்டு கேட்கிறேன். பதினொன்று எண்ணினேன், பன்னிரண்டாவது கேட்கவில்லை. அடுப்பின் திருகு டக்கென்றது. பாத்திரம் இறங்கியது. அதற்குப் பிறகு சத்தம் இல்லை. வழுக்கியிருப்பாளோ? பால் சிந்தியிருந்தால் தரை வழுக்கும். கூப்பிடலாமா? கூப்பிட்டால் அவசரமாகத் திரும்புவாள், திரும்பினால் விழுவாள். மது உள்ளறையில் குழந்தையோடு தூங்கிக்கொண்டிருப்பாள். ஐயாயிரம் மைலோ ஆறாயிரம் மைலோ, நான் இங்கே ஒரு கத்திரியோடு. சேமியா என் மணிக்கட்டை மோந்து பார்த்து, எண்ணெயை ஒருமுறை நக்கியது. அப்புறம் கேட்டது. டொக். நின்றது. டொக், உரசல். போனதை விட மெதுவாக, இடையில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி, ஆனால் இந்தப் பக்கமாக. உட்கூரை ஆடியது, அவள் முகம் தலைகீழாக வந்து, பிறகு நேரானது. வேர்த்திருந்தது. “வெட்டிட்டீங்களா?” என்றாள். “இல்ல.” “அப்ப இருந்து என்ன பண்ணுனீங்க?” “நீ வரட்டும்னு இருந்தேன்” என்றேன். அவள் கட்டுப் போட்ட காலைத் தூக்கி முக்காலிமேல் வைத்துக்கொண்டு, போனைக் கிட்ட வைத்துக்கொண்டாள். நான் சேமியாவின் பின்னங்காலைப் பிடித்து, தோலை ஒட்டினாற்போல் சீப்பை அடியில் விட்டேன்.